வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: சுவிஸ் நாட்டைப் பார்த்துப் படிக்கலாமா?

கேள்வி: சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள், "சனநாயகம் என்றால் எங்கட நாட்டைத்தான் பார்க்க வேண்டும், அங்கே எதையும் மக்களிடம் கேட்டுத்தான் செய்வார்கள்" என்கிறார்கள். சுவிற்சர்லாந்தைச் சனநாயகத்துக்கு நல்ல முன்மாதிரியாகக் கொள்ளலாமா?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: அதிகாரத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் வைத்திருப்பதில் சுவிற்சர்லாந்திடம் நாம் கற்க வேண்டியவை நிறைய உண்டு. ஆனால், அந்த அதிகாரத்துக்கு உரிய மக்கள் யார் என்ற கேள்வியில் அந்த நாடு முன்மாதிரியாக இருந்ததில்லை. உங்கள் உறவினர்கள் சொல்வது முதற்பாதியை மட்டுமே.

அந்த முதற்பாதி பெருமைக்குரியதுதான். பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தை எதிர்ப்பவர்கள் 100 நாட்களுக்குள் 50,000 கையொப்பங்களைத் திரட்டிவிட்டால், அச்சட்டம் மக்களின் வாக்கெடுப்புக்கு வந்தே ஆக வேண்டும். 18 மாதங்களில் 100,000 கையொப்பங்கள் சேர்ந்தால் அரசியலமைப்பையே திருத்தக் கோரலாம். எனினும் அத்திருத்தம் நிறைவேறுவதற்கு, நாடு முழுவதிலும் பெரும்பான்மை கிடைப்பதோடு, கன்ரன்கள் எனப்படும் மாநிலங்களில் பெரும்பாலானவற்றிலும் அது வெற்றி பெற வேண்டும். நிறைவேற்று அதிகாரம் ஏழு பேர் கொண்ட பேரவையிடம் இருக்கிறது. ஜனாதிபதிப் பதவி அவர்களுக்குள் ஆண்டுதோறும் கைமாறுகிறது. 1978 முதல் நிறைவேற்று ஜனாதிபதி ஒருவரையே சுற்றி அரசியல் நடத்திப் பழகிய இலங்கையராகிய எமக்கு இது நம்பக் கடினமான ஏற்பாடாகவே தோன்றும்.

எமது அரசியல் யாப்பிலும் சர்வசன வாக்கெடுப்பு உண்டு என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். தேசிய மட்டத்தில் அது ஒரேயொரு முறை, 1982 டிசம்பரில் நடைபெற்றது. பொதுத் தேர்தலை நடத்தாமல், இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளையே மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டிக்கொள்வதற்காக. ஆள்பவரைத் தடுக்க மக்கள் எடுக்கும் கருவியாக அங்கே இருப்பது, இங்கே மக்களைத் தவிர்க்க ஆள்பவர் எடுத்த கருவியாயிற்று.

இனி மறுபாதி. சுவிஸ் பெண்களுக்குத் தேசிய மட்டத்தில் வாக்குரிமை கிடைத்தது 1971 இல்தான். 1959 இல் இதே கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோது, வாக்களித்த ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறிய கன்ரனில், மாநில விடயங்களில் பெண்கள் வாக்களிப்பதற்கு 1990 இல் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இலங்கையிலோ பெண்கள் 1931 முதல் வாக்களித்து வருகிறார்கள். (இதைச் சொல்லி நாம் அதிகம் மகிழ வேண்டியதில்லை; சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டத்தின் மூலம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரைக் குடியுரிமைக்கு வெளியே தள்ளியதும் இதே நாடுதான்.)

2000 ஆம் ஆண்டில் எம்மென் என்ற ஊரில் குடியுரிமை கோரியவர்களின் விண்ணப்பங்கள் உள்ளூர் மக்களின் வாக்குக்கு விடப்பட்டன. இத்தாலியர்கள் ஏற்கப்பட்டார்கள், முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள் நிராகரிக்கப்பட்டார்கள். அவ்வாறு வாக்குப் பெட்டியால் குடியுரிமையைத் தீர்மானிப்பது யாப்புக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2003 இல் தீர்ப்பளித்தது. 2009 நவம்பரில், நாடு முழுவதிலும் நான்கே நான்கு மினாராக்கள் (பள்ளிவாசல் கோபுரங்கள்) இருந்த நிலையில், புதிதாக மினாரா கட்டுவதைத் தடைசெய்யும் திருத்தம் 57 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளால் நிறைவேறியது. எமது கிழக்கின் முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ வாழும் ஒருவர் இந்தச் செய்தியை எவ்வாறு படிப்பார் என்பதையும் உங்கள் உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பான்மையிடம் நேரடியாகக் கேட்பதால் மட்டும் சிறுபான்மைக்கு நீதி கிடைத்துவிடாது.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னரும், கிழக்கிலங்கையர் ஊன்றிப் படிக்க வேண்டிய சுவிஸ் வரலாறு ஒன்று இருக்கிறது. அது ஜூராவின் கதை. பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் அப்பகுதியை, ஜெர்மன் மொழி பேசும் புரட்டஸ்தாந்துப் பெரும்பான்மை கொண்ட பேர்ண் கன்ரனோடு 1815 இல் வியன்னா மாநாடு இணைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் பிரிவினைக் கோரிக்கை வலுத்தது. 1960களில் தீவைப்புகள்கூட நடந்தன. பேர்ண் படையை அனுப்பி இதை முடிக்கவில்லை. 1974 இல் ஜூரா மக்களிடமே கேட்டார்கள். அடுத்து மாவட்டம் மாவட்டமாகவும், எல்லையோர ஊர்களிடம் தனித்தனியாகவும் கேட்டார்கள். இறுதியில் 1978 இல் முழு நாடும் ஒப்புதல் அளிக்க, 1979 இல் புதிய கன்ரன் பிறந்தது.

நாம் கவனிக்க வேண்டியது அதன் எல்லைக்கோட்டை. வடக்கிலிருந்த கத்தோலிக்க மாவட்டங்கள் பிரிந்து சென்றன. தெற்கிலிருந்த புரட்டஸ்தாந்து மாவட்டங்களோ, அதே பிரெஞ்சு மொழியைப் பேசிய போதிலும், பேர்ணுடன் இருக்கவே விரும்பின. மொழி ஒன்றாக இருப்பதால் அரசியல் விருப்பமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. தமிழ் பேசும் மக்கள் என்ற ஒரே சொல்லுக்குள் கிழக்கின் முஸ்லிம்களை அவர்களைக் கேளாமலே அடக்கிப் பேசிய எமது தலைவர்கள் பலர் இந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை. மூத்தியே என்ற சிறு நகரம் 2017 இல் 137 வாக்குகள் பெரும்பான்மையில் ஜூராவுடன் சேர முடிவெடுத்தது. முறைகேடுகள் காரணமாக அம்முடிவு செல்லாததாக்கப்பட்டது. 2021 இல் மீண்டும் கேட்டபோது ஏறத்தாழ 55 சதவீதத்தினர் அதையே சொன்னார்கள்.

கேள்வி: அப்படியானால் கல்முனையில் தமிழருக்குத் தனியான பிரதேச செயலகம் (உள்ளூர் அரச நிர்வாக அலுவலகம்) வேண்டும், வேண்டாம் என்று தமிழரும் முஸ்லிம்களும் முரண்படும் பிரச்சினைக்கும் ஊர் ஊராக வாக்கெடுப்பு நடத்தித் தீர்வு காணலாம் அல்லவா?
– வாசகி ஒருவர், அம்பாறை மாவட்டம்

பதில்: உடனடியாக வேண்டாம் என்பதே என் கருத்து. மூத்தியேயில் தோற்றவர்களும் தோற்ற மறுநாள் அதே மொழியில் படிவம் நிரப்பலாம், அதே பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பலாம். அவர்களுடைய நகரசபையின் வரவுசெலவை வேறெவரும் பறிக்கப் போவதில்லை. எமது பகுதியில் பிரதேச செயலகம் எந்தப் பக்கம் போகிறது என்பதோடு காணி அனுமதிப்பத்திரம், வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி எல்லாமே ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பார்த்து அஞ்சுகிறார்கள். அந்த நிலையில் நடக்கும் வாக்கெடுப்பு ஒரு தலைக்கணக்காகவே முடியும். தோற்கும் ஊருக்கு எவையெல்லாம் குறையாது என்பதை முதலில் இரு சமூகத்தவரும் அமர்ந்து பேசி எழுத்தில் வைக்க வேண்டும். அத்தகைய பேச்சுக்கு ஏற்ற, இரு சமூகங்களும் வாக்களித்து அமைத்த மன்றமாகக் கிழக்கு மாகாண சபை இருந்தது. அதன் பதவிக்காலம் 2017 இல் முடிந்த பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படாமல், ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடமே நிர்வாகம் விடப்பட்டது. ஜூராவைப் பற்றிப் பேசுவோர் முதலில் இந்தத் தேர்தலைக் கேட்டுப் பேசட்டும்.