நாலுகோடு நோட்டில் யாருடைய கையெழுத்து?

அன்புள்ள சார்,

இரண்டு வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. ஒரு சிறு நகரத்து மெட்ரிக் பள்ளியில் எல்கேஜி மிஸ்ஸாக இருக்கிறேன். இது நான்காவது வருடம். வகுப்பில் 38 பிள்ளைகள், ஒரு ஆயா. மாதம் 7,000 ரூபாய்.

தினமும் நாலுகோடு நோட்டில் ஒரு பக்கம் எழுதி வீட்டுக்குப் போக வேண்டும் என்பது பள்ளி விதி. பாதிப் பிள்ளைகளுக்குப் பென்சிலே பிடிக்க வராது. கையைப் பிடித்து எழுதவைப்போம். நேரமில்லாவிட்டால் நாங்களே எழுதி, ஸ்டார் போட்டு அனுப்பிவிடுவோம். பெற்றோருக்குச் சந்தோஷம்.

இன்னொன்று. மூன்றரை வயதுப் பையன் ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவதில்லை. அவன் அம்மாவிடம் சொல்லலாமா என்று கரஸ்பாண்டன்டிடம் கேட்டேன். “சொன்னா டிசி வாங்கிட்டுப் போயிடுவாங்க, நமக்கெதுக்கு வம்பு” என்றார்.

இந்த வேலையில் எனக்கு வளர்ச்சி என்று ஏதாவது உண்டா? மாண்டிசோரி டிப்ளமோ படிக்கலாமா, பி.எட். போகலாமா? முதல் வருடம் இருந்த ஆர்வம் இப்போது இல்லை. பெயரைப் போட வேண்டாம்.

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்தப் பையன். மற்றவை காத்திருக்கும், அவன் விஷயம் காத்திருக்காது.

மூன்றரை வயதில் பெரும்பாலான பிள்ளைகள் மூன்று நான்கு வார்த்தைகளைக் கோர்த்துப் பேசுவார்கள். வெளியாட்களுக்கும் அது ஓரளவு புரியும். நீங்கள் சொல்லும் மாதிரிப் பிள்ளைக்கு முதலில் சோதிக்க வேண்டியது காது. ‘அடம்’, ‘செல்லம் ஜாஸ்தி’, ‘அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் போய்விடும். இது கேட்கும் குறையா, ஆட்டிசமா, ஒன்றுமே இல்லையா என்பதை நீங்களும் நானும் தீர்மானிக்க முடியாது. அது மருத்துவர் வேலை. பார்த்ததைச் சொல்வது உங்கள் வேலை.

அவன் அம்மாவிடம் “உங்க பையனுக்கு ஏதோ பிரச்சினை” என்று ஆரம்பிக்காதீர்கள். “பின்னாலிருந்து பேர் சொல்லி நாலைந்து தடவை கூப்பிட்டேன், திரும்பலை. டிபன் பாக்ஸ் கீழே விழுந்த சத்தத்துக்குத் திரும்பினான். தண்ணி வேணும்னா என் கையைப் பிடிச்சு பாட்டில்கிட்ட இழுத்துட்டுப் போறான். வீட்ல எப்படி?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் பேசட்டும் என்று இருங்கள். பெரும்பாலான அம்மாக்களுக்கு உள்ளூர ஏற்கெனவே ஒரு கவலை இருக்கும், வெளியில் சொல்ல ஆள் இருக்காது. பிறகு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்கும் மத்திய அரசின் திட்டம் 2013இல் தொடங்கியது. அதன்கீழ் இயங்கும் மையங்கள் இவை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரித்தால் வழிகாட்டுவார்கள். கட்டணம் கிடையாது.

கரஸ்பாண்டன்டை வில்லனாக நினைக்க வேண்டியதில்லை. ஒரு அட்மிஷன் போனால் அவருக்கு வருடச் சம்பளக் கணக்கு இடிக்கும். அவருடைய கணக்கிலேயே பேசுங்கள்: இரண்டு வருடம் கழித்து வேறொரு டாக்டர் சொல்லித் தெரிந்து, ‘ஸ்கூலுக்கு முன்னாடியே தெரியும்’ என்று அந்த அம்மா ஊரெல்லாம் சொன்னால் எத்தனை அட்மிஷன் போகும்? அதற்கும் அவர் அசையாவிட்டால், நீங்கள் சொல்லத்தான் வேண்டும். இதில் என்னிடம் வேறு பதில் இல்லை.

அமெரிக்காவில் மழலையர் கல்வியாளர்களின் தேசியச் சங்கம் 1989இல் ஒரு நெறிமுறைத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. மற்ற எல்லா விதிகளுக்கும் மேலானது என்று அது ஒரு விதியைத்தான் சொல்கிறது: குழந்தைக்குத் தீங்கு செய்யக் கூடாது. அதில் எனக்கு உபயோகமாகப் பட்டது ஒரு பாகுபாடு. செய்ய வேண்டியது தெளிவாகவே தெரிந்தும் செய்யச் சங்கடமாக இருப்பது ஒரு வகை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்து உண்மையிலேயே குழம்புவது இன்னொரு வகை. இரண்டாவதற்கு அங்கே வழக்கமாகச் சொல்லும் உதாரணம் மதியத் தூக்கம். ‘பகலில் தூங்கினால் ராத்திரி பத்து மணிவரை விழித்திருக்கிறான், காலையில் நான் வேலைக்குப் போக வேண்டும், தூங்கவிடாதீர்கள்’ என்கிறாள் அம்மா. பிள்ளைக்கோ மதியம் கண் சொக்குகிறது. இது நிஜமான தர்மசங்கடம். உட்கார்ந்து பேசி, அரைமணி நேரம், முக்கால் மணி நேரம் என்று ஒரு இடத்துக்கு வரலாம். உங்கள் பையன் விஷயம் முதல் வகை. அதில் குழப்பமே இல்லை, பயம்தான் இருக்கிறது. பயம் நியாயமானது.

நோட்டு இரண்டு வகையும் கலந்தது. எவ்வளவு எழுதவைப்பது என்பதில் பேரம் பேசலாம். நீங்கள் எழுதியதைப் பிள்ளை எழுதியதாக ஸ்டார் போட்டு அனுப்புவதில் பேரத்துக்கு இடமில்லை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஒரு அப்பா தன் பிள்ளையைப் பற்றி முடிவுக்கு வருகிறார். யூகேஜியில் எழுத வராமல் திணறும்போது ‘போன வருஷம் நல்லாத்தானே எழுதினே’ என்று அடிவிழுவது அந்த நாலு வயதுப் பிள்ளைக்குத்தான்.

பேரம் பேச உங்களுக்கு விவரம் வேண்டும். பிள்ளைகள் வடிவங்களை வரையக் கற்பதில் ஒரு வரிசை இருக்கிறது. ஏறக்குறைய மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள். நாலு வயதில் கூட்டல் குறி. நாலரை, ஐந்தில் சதுரம். முக்கோணம் ஐந்தை ஒட்டியோ தாண்டியோதான், ஏனென்றால் சாய்கோடு கடைசியில்தான் வரும். இப்போது ஆங்கில ‘ஏ’யை நினைத்துப் பாருங்கள்: இரண்டு சாய்கோடு. ‘கே’, ‘எம்’, ‘என்’ எல்லாவற்றிலும் சாய்கோடு உண்டு. கிரேயானை முஷ்டியில் பிடித்துத் தோளிலிருந்து கையை ஆட்டும் பிள்ளைக்கு ஜூன் மாதமே ‘ஏ ஃபார் ஆப்பிள்’ ஒரு பக்கம் என்றால், நோட்டில் தெரிவது உங்கள் விரல்களின் பலம்தான். களிமண், மணி கோர்ப்பது, பேப்பர் கிழித்து ஒட்டுவது, மணலில் வரைவது, சிலேட்டில் பெரிதாக வட்டம் போடுவது, இவையெல்லாம் எழுத்துக்கு முந்தைய வேலை. வாரத்தில் இரண்டு நாள் நோட்டுக்குப் பதிலாகப் பிள்ளை தானே வரைந்ததைத் தேதி போட்டு அனுப்ப அனுமதி கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஜூன் மாதத் தாளையும் செப்டம்பர் மாதத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிறுக்கல் வட்டமாகி, வட்டத்துக்கு இரண்டு கண் வந்திருப்பதை எந்த அம்மாவும் ரசிப்பாள்.

இனி உங்கள் வளர்ச்சி. லில்லியன் காட்ஸ் என்ற கல்வியாளர் 1972இல் எழுதிய ஒரு கட்டுரையில், மழலையர் வகுப்பு ஆசிரியர்களின் வாழ்க்கையில் நான்கு கட்டங்களைச் சொல்கிறார். முதலில் ‘இன்றைய நாளை ஒப்பேற்றினால் போதும்’ என்ற கட்டம். அடுத்து, கூட்டமாகத் தெரிந்தவர்கள் தனித்தனிப் பிள்ளைகளாகத் தெரியத் தொடங்கும் கட்டம். மூன்று நான்கு வருடத்தில் அதே பாட்டு, அதே பொம்மை என்று சலிக்கும். நான்காவதில், நான் ஏன் இதைச் செய்கிறேன் என்பது போன்ற கேள்விகள் வரும். உங்கள் சலிப்பு இந்தப் பட்டியலில் சரியான இடத்தில் இருக்கிறது. ஆர்வம் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு காட்ஸ் சொல்லும் மருந்தும் எளிமையானது: இதே வேலை செய்யும் மற்றவர்களைச் சந்திப்பது, அவர்கள் வகுப்புகளைப் போய்ப் பார்ப்பது, படிப்பது.

அனுதாய் வாக் என்ற மராட்டியப் பெண்மணி இளம் வயதிலேயே விதவையானவர். படித்து, ஆசிரியை ஆகி, பல வருடம் வேலை பார்த்தபின், 1945இல் 35ஆவது வயதில், மழலையர் கல்வி முன்னோடியான தாராபாய் மோடக்குடன் சேர்ந்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியைப் பழங்குடிக் குடியிருப்பின் முற்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள். அங்கன்வாடி என்ற யோசனையே அங்கிருந்துதான் வருகிறது. அனுதாய் புதிதாகக் கற்றதெல்லாம் தன்னைவிடத் தேர்ந்த ஒருவரின் பக்கத்தில் நின்று வேலை செய்ததில். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். பள்ளியில் தேடாதீர்கள், பழைய அங்கன்வாடி ஊழியர்களில் தேடுங்கள். இருபது வருட அனுபவமுள்ள சிலர், அழுதுகொண்டே வரும் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் விதத்தைப் பார்ப்பதற்கே கட்டணம் வாங்கலாம்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். தமிழக அரசே 2022இல் அங்கன்வாடிகளில் நடக்கும் எல்கேஜி, யூகேஜி வகுப்புகளுக்குச் சிறப்பாசிரியர்களை எடுத்தபோது 5,000 ரூபாய்தான் தொகுப்பூதியம். கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரைக்கானது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு, 2002 அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின்னும், அரசு ‘முயல வேண்டும்’ என்ற வழிகாட்டு நெறிதான். சட்டம் கைவிட்ட இடத்தில் 7,000 ரூபாய் வாங்கும் ஒரு மிஸ்ஸின் மனசாட்சியை நிறுத்தி வைத்திருக்கிறோம். 38 பேருக்கு ஒருவர் என்ற ஏற்பாட்டில் நீங்கள் ஒவ்வொரு நாளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நியாயம் செய்ய முடியாது. அந்தக் குற்ற உணர்வை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

படிப்பு? எல்கேஜியிலேயே இருக்க விருப்பமென்றால் பி.எட். அவசரமில்லை, அது மேல்வகுப்புக்கான பயிற்சி. மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறுக்கு வந்து வகுப்பெடுத்தார், போர் வந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார், கொடைக்கானலிலும் இருந்தார். அந்தப் பாக்கியமோ என்னவோ, நம் ஊரில் தெருவுக்கொரு மாண்டிசோரிப் பலகை. பலகை எழுதுபவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நிஜ வகுப்பில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்து எழுத எத்தனை மணி நேரம்? நான் வகுப்பெடுப்பதை யாராவது வந்து பார்த்துத் திருத்துவார்களா? ‘ஆன்லைன்லயே முடிச்சிடலாம் மேடம்’ என்றால் போனை வைத்துவிடுங்கள்.

அதுவரை ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். தினம் ஒரு பிள்ளை, நாலு வரி. ‘சேட்டை’, ‘மந்தம்’ என்று எழுதாதீர்கள். ‘பாட்டு ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போனாள்’ என்று எழுதுங்கள். முதல் பக்கத்தை அந்தப் பையனுக்கு ஒதுக்குங்கள். அவன் அம்மாவிடம் பேசும்போது அது கையில் இருக்கட்டும்.

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.