உறிஞ்சும் குழாயைக் கவனியுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டோடு ஒட்டிய கேரேஜில், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் இருக்கிறது. காலையில் கார் கிளம்பிய சற்று நேரத்தில் படுக்கையறையில் பெட்ரோல் வாடை வீசுகிறது. அம்மாவுக்குத் தலை வலிக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒருமுறைகூட ஒலித்ததில்லை. ஃபர்னஸை இடம் மாற்ற வேண்டுமா?

பதில்: அலாரம் ஒலிக்கவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அமெரிக்கத் தர விதிப்படி தயாராகும் அலாரம், காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் குறைந்தது 1 மணி நேரம், சில சமயம் 4 மணி நேரம்கூடப் பொறுத்துத்தான் ஒலிக்கும். பெட்ரோல் ஆவியிலுள்ள பென்சீன் என்ற நச்சுப் பொருளை அது அறியவே அறியாது. வெளியே போனதும் அம்மாவின் தலைவலி குறைகிறது என்றால், ஃபர்னஸை நிறுத்திவிட்டு, மருத்துவரைப் பார்ப்பதையும் எரிவாயு நிறுவனத்தை அழைப்பதையும் அன்றைக்கே செய்துவிடுங்கள். தலைச்சுற்றல், குமட்டலும் சேர்ந்தால் எல்லோரும் உடனே வெளியேறி அவசர உதவியை அழையுங்கள்.

நீங்கள் சொல்லும் வாடையைப் பார்த்தால், என் சந்தேகம் வீட்டுக் காற்றை ஃபர்னஸுக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயின் மேல்தான் விழுகிறது. ஃபர்னஸின் விசிறி ஓடும்போது அந்தக் குழாய் உறிஞ்சும் நிலையில் இருப்பதால், இணைப்பில் நூலிழை இடைவெளி இருந்தாலும் கேரேஜ் காற்றை இழுத்து எல்லா அறைகளுக்கும் அனுப்பிவிடும். விசிறி ஓடுகையில் மெல்லிய டிஷ்யூ தாள் கீற்றை இணைப்புகளின் ஓரமாகவும் ஃபில்டர் செருகும் பிளவின் அருகிலும் பிடித்துப் பாருங்கள். தாள் உள்நோக்கி வளைந்து ஒட்டிக்கொண்டால் அங்கே கசிவு இருக்கிறது. பெட்ரோல் ஆவி இருக்கும் இடம் என்பதால் ஊதுபத்திப் புகையால் இதைச் சோதிக்கவே கூடாது. இணைப்புகளை மாஸ்டிக் என்ற கெட்டியான பசையால் அடைக்கச் சொல்லுங்கள். சாதாரண துணி டேப் நாளடைவில் உரிந்துவிடும். ஃபில்டர் பிளவுக்கு இறுக்கமான மூடி வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அதனால்தான் ஃபர்னஸின் தீப்பற்றவைக்கும் பகுதி தரையிலிருந்து 18 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகள் பொதுவாகச் சொல்கின்றன. கார் மோதாதபடி முன்னால் தடுப்புக் கம்பமும் தேவை. கேரேஜ் கதவு திறந்திருந்தாலும் காரை உள்ளே ஓடவிட்டுச் சூடேற்றாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் இடம் மாற்ற வேண்டியதில்லை. என்றாவது புதிய ஃபர்னஸ் வாங்கும்போது, எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து குழாய் வழியே எடுத்துக்கொள்ளும் மூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.