கடுகு எந்த டப்பாவில்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு வயது 46. கோவையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு இருக்கிறேன். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் காய்கறிக் கடைகளில் முண்டிய கூட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றிலிருந்து வீட்டில் எப்போதும் மூன்று மூட்டை அரிசி, பத்து லிட்டர் எண்ணெய், பருப்பு, சோப்பு, மாஸ்க் என்று அடுக்கி வைத்திருக்கிறேன். “இது வீடா, மளிகைக் கடை குடோனா?” என்கிறார் மனைவி. போன மாதம் ஒரு மூட்டையில் வண்டு விழுந்து பெரிய சண்டையே ஆகிவிட்டது. நான் செய்வது முன்னெச்சரிக்கையா, வெறும் பயமா? அந்த நாட்களில் நீங்கள் வீட்டை எப்படிச் சமாளித்தீர்கள்?

எஸ்.,
கோவை

அன்புள்ள எஸ்.,

பயம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு என்றபோது, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருமுனைக் கடைக்கு ஓடியவன் நான். வாங்கி வந்தது இரண்டு பாக்கெட் ரவையும் ஒரு டஜன் மெழுகுவர்த்தியும். மெழுகுவர்த்தி எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் சொல்லும் ஏப்ரல் கூட்டம் மதுரையிலும் இருந்தது. 26 முதல் 29 வரை முழு அடைப்பு என்றதும் 25ஆம் தேதி ஊரே கடைவீதியில் நின்றது. நோய்க்குப் பயந்து வீட்டை நிரப்பப் போன இடத்திலேயே நோயை வாங்கிக்கொள்ள எல்லா வசதியும் இருந்தது. சென்னையில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்கும் போய், மே 5ஆம் தேதி சந்தையையே மூட வேண்டி வந்தது. கடைசி நாள் கூட்டத்தில் போய் நிற்காமல் தப்பிக்கத்தான் வீட்டில் கையிருப்பு வேண்டும். அதற்கு இருபது நாள் சாமான் தாராளம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. என் பாட்டி வருஷத்துக்கான புளியை மொத்தமாக வாங்கி, கொட்டை எடுத்து, கல் உப்பு போட்டு மண்பானையில் அடைப்பார். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைப்பார். அரிசியில் காய்ந்த வேப்பிலையும் நாலு மிளகாய் வற்றலும் கிடக்கும். ஆனால் அவர் சேர்த்ததெல்லாம் அந்த வீடு தினமும் தின்று தீர்த்த சாமான். பழையதைத் தீர்த்துவிட்டுத்தான் புதியதில் கை வைப்பார். உங்கள் அரிசியில் வண்டு விழுந்தது, யாரும் தொடாமல் அதைக் காவல் காத்ததால். நிழலில் பரப்பிப் புடைத்து, முதலில் அந்த மூட்டையையே உலையில் போடுங்கள்.

எங்கள் வீடு ஆட்டம் கண்டது 2021 மே மாதத்தில். மனைவிக்குக் காய்ச்சல், பரிசோதனையில் பாசிட்டிவ். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சமையலறை நிறையச் சாமான் இருக்கிறது, நான் நடுவில் நிற்கிறேன். கடுகு என்று எழுதிய டப்பாவில் ரப்பர் பேண்டும் ஊக்கும். கதவுக்கு வெளியே நின்று கத்துகிறேன். “ஹார்லிக்ஸ் பாட்டில்ல” என்று இருமலுக்கு நடுவே பதில் வருகிறது. வெந்தயம்? “பூஸ்ட் டப்பா.” மூன்றாம் நாள் காஸ் தீர்ந்தது. புக் செய்வதும் ஓடிபி வருவதும் அவருடைய செல்லில். செல் அவர் தலைமாட்டில்.

அம்மாவின் மாத்திரை இன்னும் மோசம். அப்போது அம்மாவுக்கு 78 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. “காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்” என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. அட்டையைத் தேடி எடுத்தால், எப்போதோ மருந்துக் கடையில் பாதியாக வெட்டிக் கொடுத்தது. பெயரும் தேதியும் மற்ற பாதியோடு போயிருந்தன. சீட்டு இருக்கும் இடம் மனைவிக்குத்தான் தெரியும். அவருக்கோ அன்று 102 டிகிரி. அந்த வீடு முழுவதும் ஒருவர் தலைக்குள் இருந்தது, எஸ். நானும் அம்மாவும் அதில் குடக்கூலிக்கு இருந்திருக்கிறோம்.

விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டர் கடையில் கிடைக்கவில்லை. பக்கத்துத் தெரு நண்பருடையது நாலு வீடு சுற்றிக்கொண்டிருந்தது. 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பது அப்போது தெருவுக்கே மனப்பாடம். முதல் தடவை 91 காட்டியது. எனக்குக் கால் ஓடவில்லை. பிறகுதான் கவனித்தேன்: சில்லிட்ட விரல், நகத்தில் மருதாணி. கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி படாத விரலில் மாட்டினால் 96. அப்புறம் சொந்தமாக ஒன்று வாங்கினேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் இழுப்பறையைத் திறந்து அதை எடுத்தேன். பேட்டரி கசிந்து பச்சை பூத்துக் கிடக்கிறது. உங்களுக்குப் புத்தி சொல்ல வந்த ஆள் இவன்.

இப்போது சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை, இன்சூரன்ஸ் பாலிசி எண், காஸ் எண், நாங்கள் இருவருமே படுத்துவிட்டால் அம்மாவை யார் வந்து பார்ப்பது என்பது. அந்தக் கடைசி வரியை நிரப்பத்தான் ஒரு வாரம் ஆனது. எதிர்வீட்டு அக்கா தானாகச் சொன்னார்; அந்த மே மாதத்தில் எங்கள் கேட்டில் இட்லித் தூக்கை மாட்டிவிட்டுப் போனவரும் அவர்தான். எல்லாம் செல்லில் இருக்கிறதே என்பீர்கள். செல் பூட்டிக் கிடந்தால்? கொஞ்சம் ரொக்கமும் அந்த அலமாரியிலேயே இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இருந்த என் தம்பி, ஏடிஎம் ஒன்றும் வேலை செய்யாமல் நாற்பது ரூபாயோடு இரண்டு நாள் ஓட்டினான்.

மூன்று மூட்டை வைத்துக்கொள்ள உங்களுக்கும் எனக்கும் முடியும். அன்றாடம் காய்ச்சியின் வீட்டில் அந்த ஏப்ரலில் அடுப்பு எரிந்தது ரேஷன் கடையில் கொடுத்த ஆயிரம் ரூபாயிலும் இலவச அரிசி பருப்பிலும்தான். ஆகவே இரண்டு மூட்டையைத் தீர்த்துவிட்டு ஒன்றோடு நிறுத்துங்கள். அம்மாவின் மாத்திரை மட்டும் ஒரு மாதத்துக்கு எப்போதும் முன்கூட்டியே இருக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை அவர் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு போன்கூடப் பண்ணாமல் நீங்களே ரசம் வைத்து, அம்மாவுக்கு வேளைக்கு மாத்திரை கொடுத்துப் பாருங்கள். போன மாதம் நான் செய்து பார்த்தேன். பெருங்காயம் மட்டும் கடைசிவரை அகப்படவில்லை.