காயில் கட்டியவர்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் இ.இ.இ. இறுதியாண்டு மாணவன். போர்க்கப்பல்கள் என்றால் எனக்குப் பைத்தியம். அமெரிக்காவின் வெஸ்ட் வர்ஜீனியா என்ற போர்க்கப்பல் 1941ல் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் ஜப்பானியத் தாக்குதலில் மூழ்கி, மூன்று வருடம் கழித்து பிலிப்பைன்ஸின் சுரிகாவோ நீரிணையில் ஜப்பானின் போர்க்கப்பல் யமாஷிரோவை முதல் வீச்சிலேயே அடித்தது என்று படித்தபோது புல்லரித்துவிட்டது. வரலாறே பழிதீர்த்துக்கொண்டது என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? அப்புறம், அமெரிக்காவின் அயோவாவும் ஜப்பானின் யமாட்டோவும் நேருக்கு நேர் மோதியிருந்தால் எது ஜெயித்திருக்கும்? தமிழில் ஏன் யாரும் இதையெல்லாம் எழுதுவதில்லை?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

கடைசி இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன். அயோவாவும் யமாட்டோவும் மோதவில்லை, விட்டுவிடுங்கள். தமிழில் யாரும் எழுதவில்லை என்றால் நீங்கள் எழுதுங்கள், யார் கையைப் பிடித்தார்கள்?

இந்தப் பழி விஷயத்தைத்தான் என்னால் விட முடியவில்லை. பேர்ல் ஹார்பரைத் தாக்கியவை ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள். யமாஷிரோ அந்தக் கூட்டத்திலேயே இல்லை. அந்த ஆறில் நான்கு, 1942 ஜூனில் மிட்வே சண்டையில் மூழ்கிவிட்டன. அப்போது உங்கள் வெஸ்ட் வர்ஜீனியா சேற்றிலிருந்து மிதக்கவைக்கப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை, பழுதுபார்க்கும் உலர்துறைக்குள் நுழையக் காத்திருந்தது. ஐந்தாவதை 1944 ஜூனில் ஒரு நீர்மூழ்கி முடித்தது. மிச்சமிருந்த ஒன்று ஸுய்காக்கு. அது மூழ்கியது 1944 அக்டோபர் 25, அதாவது நீங்கள் புல்லரித்த அதே நாள்தான், வெகு தூரம் வடக்கே, விமானங்களால். பழி என்று ஒன்று இருந்தால் அது அங்கே தீர்ந்தது. சுரிகாவோவில் நின்ற யமாஷிரோ 1917ல் சேவைக்கு வந்த கிழட்டுக் கப்பல், அந்த இரவில் ஏற்கெனவே அமெரிக்க டெஸ்ட்ராயர்களின் டார்பிடோக்களை வாங்கியிருந்தது. விடிகாலை நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால், இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில், கும்மிருட்டில், ரேடார் சொன்ன இடத்தில் வெஸ்ட் வர்ஜீனியா சுட்டது, பட்டது. அன்று அது சுட்ட 16 அங்குலக் குண்டுகள் 93. ரேடார் சரியாக வேலை செய்ததைப் போய் வரலாற்றின் நீதி என்கிறீர்களே, அதுவும் எலக்ட்ரிகல் படிக்கிற பிள்ளை!

சரி, கோபம் இதற்கல்ல. உங்கள் கடிதத்தில் "மூழ்கி, மூன்று வருடம் கழித்து" என்று ஒரே தாவாகத் தாவிவிட்டீர்கள். அந்த மூன்று வருடத்தில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் இருக்கிறது.

என் மாமா கோபிச்செட்டிபாளையம் பக்கம் காயில் கட்டும் கடை வைத்திருந்தார், அதாவது பழுதான மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றித் தரும் கடை. பள்ளிக்கூட விடுமுறை என்றால் நான் அங்கேதான் கிடப்பேன். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் கரையோரத் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் சேறும் சகதியுமாக வந்து திண்ணை நிறைய உட்கார்ந்திருக்கும். மாமா பிரித்து, கழுவி, பழைய காயிலை உளியால் வெட்டி எடுத்து, எத்தனை சுற்று, கம்பி என்ன கனம் என்று சுவரிலேயே பென்சிலால் எழுதிக்கொள்வார். பள்ளத்தில் தாளைச் செருகி, புதுக் கம்பியை மூங்கில் சிம்பால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, வார்னிஷ் ஊற்றி, நடுவில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைப்பார். அவசரப்படுத்துகிற விவசாயியைப் பார்த்து, "ஈரத்தோட எடுத்துட்டுப் போய்ப் போட்டீன்னா புகைதான் வரும், பரவால்லியா?" என்பார். பயிர் வாடுகிறது என்று அந்த ஆள் அழாத குறையாக நிற்பார், மாமா அசைய மாட்டார்.

இப்போது வெஸ்ட் வர்ஜீனியாவைப் பாருங்கள். அது டர்போ-எலக்ட்ரிக் கப்பல். நீராவி டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரத்தில் ஓடும் ராட்சத மோட்டார்கள் நான்கு சுழலிகளைச் சுற்றும். அந்த ஜெனரேட்டர்களும் மோட்டார்களும் 1941 டிசம்பர் 7 முதல் 1942 மே வரை உப்புத் தண்ணீரில், எண்ணெய்ச் சேற்றில் ஊறிக் கிடந்தன. இடது பக்கம் டார்பிடோக்கள் கிழித்த ஓட்டைகளை, தண்ணீருக்குள் இறங்கிய முக்குளிப்பவர்கள் மரப் பலகைத் தடுப்புகளை வைத்து, அடியில் கான்கிரீட் ஊற்றி அடைத்து, பிறகு பம்ப் போட்டு இறைத்து மே 17ல் மிதக்கவிட்டார்கள். உள்ளே போனால் இருட்டு, அழுகல், விஷவாயு. பக்கத்தில் நெவாடா என்ற இன்னொரு கப்பலை மீட்கும்போது அந்த வாயுவில் இரண்டு பேர் செத்தே போனார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட உடல்கள் கிடந்தன. அதில் மூன்று பேர் ஓர் அடைபட்ட அறையில் இருந்தார்கள். அவர்களோடு ஒரு நாட்காட்டி இருந்தது, டிசம்பர் 23 வரை நாட்களை அடித்திருந்தார்கள். அவர்கள் உள்ளிருந்து தட்டிய சத்தம் வெளியே காவல் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கிறது, ஒன்றும் செய்ய முடியவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

உடல்களை எடுத்து, எண்ணெயைத் துடைத்து, பிறகு அந்தக் கப்பலுக்குள்ளேயே உட்கார்ந்து மோட்டார்களுக்குக் காயில் கட்டினார்கள் கார்த்திக்! துறைமுகப் பட்டறை ஆட்களும் ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து செய்த வேலை. என் மாமாவின் பத்து ஹெச்பி மோட்டார் இல்லை, கப்பலின் மொத்த சக்தி கிட்டத்தட்ட 29,000 குதிரைத் திறன். 1943 மே மாதம் அது சொந்த இயந்திரத்திலேயே பசிபிக்கைத் தாண்டி வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் தளத்துக்குப் போனது. மறுபடி கட்டி முடிக்க இன்னொரு வருடத்துக்கும் மேல் ஆனது, 1944 ஜூலையில்தான் கடலுக்கு வந்தது. நீங்கள் பார்த்துப் புல்லரித்த சண்டை அரை மணி நேரம் நீடித்திருக்குமா?

அந்தக் கப்பலில் சமையல்கட்டுப் பிரிவில் வேலை பார்த்த டோரிஸ் மில்லர் என்ற கறுப்பினத்தவர், பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது பயிற்சியே இல்லாமல் இயந்திரத் துப்பாக்கியை எடுத்து விமானங்களைச் சுட்டார், நேவி கிராஸ் பதக்கம் வாங்கினார். கறுப்பினத்தவருக்குச் சமையல்கட்டைத் தாண்டி வேலை தராத கடற்படை அது. அவர் பெயரும் உங்கள் கடிதத்தில் இல்லை. இன்னொருவர், லெஃப்டினன்ட் கிளாட் ரிக்கெட்ஸ். கப்பல் சாயச் சாய எதிர்ப்பக்க அறைகளில் வேண்டுமென்றே தண்ணீர் விடச் செய்தார். அதனால்தான் அது ஒக்லஹோமா கப்பல் மாதிரி கவிழாமல் நேராகத் தரைதட்டியது. கவிழ்ந்திருந்தால் மறுபடி சண்டைக்கு வந்திருக்காது, சுரிகாவோவும் இல்லை.

திட்டிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இருபத்தோரு வயதில் கப்பல் பைத்தியம் பிடித்திருப்பது நல்ல விஷயம்தான், எனக்கு அந்த வயதில் வேறு பைத்தியங்கள் இருந்தன, அவற்றை இங்கே எழுத முடியாது. அந்தக் கப்பல் ஐவோ ஜிமாவுக்கும் ஒகினாவாவுக்கும் போனது, ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்ட 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் நின்றது, 1959ல் பழைய இரும்புக்கு விற்கப்பட்டது. இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்று. உங்கள் கல்லூரி லேபில் இன்றைக்கு ரீவைண்டிங் கையால் செய்யச் சொல்லித் தருகிறார்களா, இல்லை படத்தோடு சரியா? பதில் எழுதுங்கள். படத்தோடு சரி என்றால் ஊரில் ஏதாவது ஒரு காயில் கடையில் விடுமுறைக்குப் போய் உட்காருங்கள். டீ வாங்கி வரச் சொல்வார்கள், கோபித்துக்கொள்ளாமல் வாங்கி வாருங்கள்.