பதில்: வேகஸில் 45 டாலர் அறை கடைசியில் 100 தாண்டுவது ஏன்?

வெள்ளி முதல் ஞாயிறு வரை தங்க 45 டாலர் என்று பார்த்த அறை, பணம் கட்டும் பக்கத்தில் 100 தாண்டுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எதையும் தவறாகப் பார்க்கவில்லை. லாஸ் வேகஸில் அறை வாடகையோடு 'ரிசார்ட் ஃபீ' என்று ஒன்று சேரும், நீச்சல் குளம் போன்ற ஹோட்டல் வசதிகளுக்கான கட்டாயக் கட்டணம். ஸ்ட்ரிப் (பெரிய சூதாட்ட ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் முக்கியச் சாலை) ஹோட்டல்களில் பெரும்பாலும் ஓர் இரவுக்கு 40, 50 டாலர், சில இடங்களில் அதற்கும் மேல். அதன் மேல் வரி வேறு. நீச்சல் குளத்தில் கால் நனைக்காவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். அதனால் வாடகையை விடுங்கள், கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள்.

வெள்ளி முதல் ஞாயிறு வரை என்கிறீர்களே, பணம் கரைவது அங்கேதான். ஞாயிறு மாலை போய் புதன் காலை திரும்பினால் அதே அறை பல சமயம் பாதி விலைக்குக் கிடைக்கும். ஜனவரி தொடக்கத்தில் மட்டும் வேண்டாம். பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சி நடக்கும், வார நாளிலும் விலை எகிறும்.

ஸ்ட்ரிப்பில் கார் எதற்கு? பார்க்கிங்குக்கே பல இடங்களில் காசு. ஸ்ட்ரிப் வழியாகப் போகும் டியூஸ் என்ற நகரப் பஸ் 24 மணி நேரமும் ஓடுகிறது, ஒருநாள் பாஸ் எடுத்தால் பழைய நகர மையத்தின் ஃப்ரீமாண்ட் தெரு வரை போய் வரலாம். மாண்டலே பே, லக்ஸர், எக்ஸ்காலிபர் ஹோட்டல்களுக்கு இடையே டிராம் இலவசம். பெலாஜியோ ஹோட்டல் முன்னே பாட்டுக்கு ஏற்ப ஆடும் நீரூற்றும் இலவசம்தான். இருட்டிய பிறகு நடைபாதைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால், காற்றடிக்கும்போது முகத்தில் சாரல் தெறிக்கும். நான் மூன்று பாட்டுக்கு அங்கேயே நின்றேன்.

அப்புறம் சூதாட்டம். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில், முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் என்ன விகிதத்தில் பணம் தருவார்கள் என்று மேஜைத் துணியில் போட்டிருக்கும். அது 6:5 என்றிருந்தால் உட்காராதீர்கள், 10 டாலருக்கு 12தான் கிடைக்கும்; 15 கிடைக்கும் 3:2 மேஜையைத் தேடுங்கள்.