சுவரும் தரையும் இணையா?

அன்புள்ள ஐயா,

(2,1), (6,3), (6,9), (2,7) ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட நாற்கரம் இணைகரம் என நிறுவச் சொல்லிப் பத்தாம் வகுப்புத் தேர்வில் கேட்டிருந்தார்கள். என் மகன் சாய்வு கண்டான். ஒரு ஜோடிப் பக்கங்களுக்கு 1/2, மற்ற ஜோடிக்கு 0. எதிர்ப்பக்கங்களின் சாய்வு சமம், ஆகவே இணைகரம் என்று முடித்தான். இரண்டு மதிப்பெண் போய்விட்டது. விடை சரிதானே? வரைந்தாலே கண்ணுக்குத் தெரிகிறதே, ஏன் இந்தப் பிடிவாதம்? டியூஷனில் சேர்க்கலாமா?

வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பரே,

டியூஷனைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அந்த ஆசிரியரைப் பார்த்தால் ஒரு வணக்கம் வையுங்கள். விடைத்தாளை வரி வரியாகப் படிக்கிறவர் அவர்.

(6,3) இலிருந்து (6,9) வரை உயரம் 6 கூடுகிறது, பக்கவாட்டில் நகர்வே இல்லை. உயர்வைப் பக்கவாட்டு நகர்வால் வகுப்பதுதான் சாய்வு, இங்கே 6/0. பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதால் சாய்வு வரையறுக்கப்படவில்லை. பையன் கீழே பூச்சியத்தைப் பார்த்ததும் விடையையும் பூச்சியமாக்கிவிட்டான். பூச்சியச் சாய்வு படுத்திருக்கும் கோட்டுக்கு உரியது ஐயா! அவன் கணக்குப்படி உங்கள் வீட்டுச் சுவரும் தரையும் இணை. விடை சரிதானே என்று வேறு கேட்கிறீர்கள்.

போன வாரம்தான் திருப்பரங்குன்றத்தில் மாமா வீட்டுப் பரணில் அவருடைய தூக்குக்குண்டு அகப்பட்டது. பித்தளை, முனை மழுங்கியிருக்கிறது, நூலில் இன்னும் சுண்ணாம்பு. மாமா கொத்தனார். கோடை விடுமுறையில் நான்தான் அவருக்கு நூல் பிடிப்பேன். ஒருநாள் ரசமட்டத்தைச் சுவரோடு செங்குத்தாக ஒட்டிவைத்துக் குமிழியைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்மண்டையில் ஒரு தட்டு விழுந்தது. “படுப்பதற்கு ரசமட்டம், நிற்பதற்குக் குண்டு. எத்தனை தடவை சொல்வது மருமகனே?” அன்று நான் செய்ததைத்தான் உங்கள் மகனும் செய்திருக்கிறான். திட்டாதீர்கள்.

கண்ணுக்குத் தெரிகிறது என்கிறீர்கள். வண்டியூர் தெப்பக்குளத்தின் ஒரு கரையில் நடுவாக நின்று பாருங்கள். இரு பக்கக் கரைகளும் போகப்போக நெருங்குவதாகத்தான் தெரியும். மாமாவின் கண்ணுக்கும் ஒருமுறை சுவர் நேராகத்தான் தெரிந்தது. குண்டைத் தொங்கவிட்டார், அடியில் நூலுக்கும் சுவருக்கும் இடையில் விரல் நுழைந்தது. மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் பிரித்துக் கட்டினார்.

அவன் எழுதியிருக்க வேண்டியது ஒரே வரி: ஒரு பக்கத்தின் இரு முனைகளிலும் முதல் எண் 6, எதிர்ப்பக்கத்தில் 2, இரண்டும் ஒய் அச்சுக்கு இணை, ஆகவே ஒன்றுக்கொன்று இணை.

ஞாயிற்றுக்கிழமை பையனை அனுப்பிவையுங்கள். குண்டை அவனுக்கே கொடுத்துவிடுகிறேன். நூலை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், இற்றுப்போயிருக்கிறது.