ஓராண்டு வேலைக்கு ஐந்தாண்டு லட்சியம் சொல்லலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் ஒன்றில், லித்தியம் பேட்டரி பற்றிய திட்டத்துக்கு புராஜெக்ட் அசோசியேட் வேலை. அடுத்த வாரம் நேர்காணல். ஓராண்டு ஒப்பந்தம், தேவைப்பட்டால் நீட்டிப்பார்களாம். போன முறை வேறோர் இடத்தில் “எதிர்காலத் திட்டம் என்ன?” என்று கேட்டார்கள். “இங்கேயே நிரந்தரமாகி விஞ்ஞானி ஆக வேண்டும்” என்றேன். அதோடு பேச்சை முடித்துவிட்டார்கள், வேலையும் கிடைக்கவில்லை. எனக்கு பிஎச்.டி. செய்ய ஆசை. “அதைச் சொன்னால் பாதியில் போய்விடுவாய் என்று நினைப்பார்கள், வாயே திறக்காதே” என்கிறார் அப்பா. கல்யாணப் பேச்சை எடுத்தால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.
– வாசகி, விருதுநகர்

பதில்: பிஎச்.டி. ஆசையைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இந்த ஓராண்டில் என்ன செய்து முடிப்பீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

விஞ்ஞானி ஆக ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்களால் அதைக் கொடுக்க முடியாது. இந்த மாதிரி அறிவிப்புகளின் கடைசியில், ‘பணி முற்றிலும் தற்காலிகமானது, நிரந்தரம் கோர உரிமை கிடையாது’ என்று ஒரு வரி இருக்கும். சும்மா போடுகிற வரி என்று நினைக்காதீர்கள். தற்காலிகமாக எடுக்கப்பட்டவர் அதைக் காட்டி அரசுப் பணியில் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்று 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. விஞ்ஞானிப் பணியிடத்துக்குத் தனி அறிவிப்பு வரும், தனித் தேர்வு நடக்கும். அதனால் உங்கள் பதிலைக் கேட்டதும், ‘இந்தப் பெண் அறிவிப்பைச் சரியாகப் படிக்கவில்லையோ, நாளைக்கு ஏமாந்துபோவாளோ’ என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

அப்பா சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பாதியில் போய்விடுவார்களோ என்ற பயம் நேர்காணல் குழுவுக்கு நிஜமாகவே உண்டு. நீங்கள் போகப்போகிற பேட்டரி ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கான் வாயு நிரப்பிய கிளவ் பாக்ஸுக்குள் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) கைவிட்டு, 20 மில்லிமீட்டர் அகலமுள்ள காயின் செல்லை (நாணயம் போன்ற சிறு பேட்டரி) ஒழுங்காக அடுக்கி மூடக் கைபழகவே பல வாரம் ஆகும். ஆரம்பத்தில் செய்கிற செல்கள் ஷார்ட் ஆகும். ஒரே மாதிரி செய்த இரண்டு செல் இரண்டு விதமாக ரிசல்ட் காட்டும். கை பழகிய பிறகு சோதனை. 10 மணி நேரம் சார்ஜ், 10 மணி நேரம் டிஸ்சார்ஜ் என்று மெதுவாக 100 சுற்று ஓட்டினால் 2,000 மணி நேரம், அதாவது 80 நாளுக்கு மேல். இந்த நிலையில் நாலாம் மாதம் ஒருவர் கிளம்பினால் திட்டத்தை நடத்தும் விஞ்ஞானியின் கதி என்ன? மறுபடி அறிவிப்பு, மறுபடி நேர்காணல், வருகிறவருக்கு மறுபடி முதலிலிருந்து பயிற்சி. திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்களோ ஆண்டறிக்கை எங்கே என்று கேட்பார்கள். எதிர்காலத் திட்டம் என்ன என்ற கேள்விக்குள் ‘எங்கள் வேலையை முடித்துத் தருவாயா?’ என்ற கேள்வியும் இருக்கிறது.

ஆகவே இந்த மாதிரி சொல்லிப் பாருங்கள்: “இந்த ஓராண்டில் செல் தயாரிப்பையும் இம்பீடன்ஸ் அளவீட்டையும் தனியாகச் செய்யும் அளவுக்குக் கற்றுக்கொள்ள வேண்டும். என் பங்குக்கான தரவுகளை முழுமையாக முடித்து ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு இதே துறையில் பிஎச்.டி. செய்ய விரும்புகிறேன்.” இது உங்கள் ஆசைதானே? ஒரு சொல்லும் பொய் இல்லை. நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். உங்களுக்கு வருகிற ஆங்கிலத்தில் சொன்னால் போதும், மனப்பாடம் வேண்டாம். இம்பீடன்ஸ் (செல்லுக்குள் மாறுமின்னோட்டத்துக்கு இருக்கும் எதிர்ப்பு) என்று நீங்கள் வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும். அந்த அளவீட்டை வரைந்து காட்டும் நைக்விஸ்ட் வரைபடத்தில் அரைவட்டம் எதைக் காட்டுகிறது என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

நெட் தேர்வு எழுதுகிறீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். எழுதுவதாக இருந்தால் மறைக்காதீர்கள். அந்தத் தேர்வில் முன்னணியில் வருவோருக்கு ஆய்வு செய்யத் தரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. கிடைத்தால் யாரும் விடமாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். “கிடைத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், செய்த வேலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போவேன்” என்று சொல்லுங்கள். எங்கும் போகமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவரைவிட இப்படிச் சொல்கிறவரைத்தான் நான் நம்புவேன்.

“ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று அவர்கள் கேட்கும்போது பலர் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். திட்டம் எப்போது தொடங்கியது, இன்னும் எத்தனை மாதம் மீதி என்று கேளுங்கள். மூன்றாண்டுத் திட்டத்தின் மூன்றாம் ஆண்டில் ஆளெடுத்தால், ‘நீட்டிக்கலாம்’ என்ற சொல்லுக்குப் பெரிய அர்த்தம் இருக்காது. என் வேலை ஆய்வுக் கட்டுரையில் வந்தால் பெயர் சேருமா என்றும் பணிவாகக் கேட்கலாம். பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு கட்டுரை பெரிய பலம்.

கல்யாணக் கேள்வி. இந்தக் காலத்திலும் பெண்களிடம் மட்டும் இதைக் கேட்கிறார்கள் என்பது எனக்குக் கோபம் தருகிற விஷயம். வேலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த அறையில் சண்டை போட்டு இழக்கப்போவது நீங்கள்தான் என்பதால், தேதியும் சொல்லாமல், வீட்டு விவரமும் பேசாமல், “ஒப்பந்தக் காலம் முழுவதும் வேலை செய்ய எனக்கு எந்தத் தடையும் இல்லை, சார்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டவர் மேலும் துருவினால் அதே வாக்கியத்தை இன்னொரு முறை, அதே நிதானத்தோடு சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்கூடச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.